லிஸ்பனில் ஓர் ஓய்வு வீடு: அதன் உண்மையான விலை



வளைகுடா நாடுகளில் உழைத்து, வயது ஐம்பதை நெருங்கும் நம்மவர் பலரிடம் இன்று ஒரு கேள்வி இருக்கிறது. "இனி எங்கே?" என்பதே அது. எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அந்த நாடுகள் சாதாரணமாகக் குடியுரிமை தருவதில்லை. ஒப்பந்தம் முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஊருக்குத் திரும்பலாம் என்றாலோ, 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நம் ரூபாய் விழுந்த வேகத்தைக் கண்டவர்களுக்கு ஒரு தயக்கம். இந்தத் தயக்கத்தின் நடுவேதான் சிலருடைய பேச்சில் ஐரோப்பா நுழைகிறது. "வேலை செய்யத் தேவையில்லை, வருமானம் இருந்தால் போதும், விசா தருகிறார்கள்" என்று சொல்லப்படும் நாடுகளில் முதலிடம் போர்த்துக்கலுக்கு. அதன் தலைநகர் லிஸ்பன்.

அமெரிக்கரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நமக்கு முன்னரே அங்கு போய்விட்டனர். ஐம்பது வயதில், சிலர் நாற்பத்தைந்திலேயே, வேலையை விட்டுவிட்டு, வெயிலும் கடற்காற்றும் மலிவான கோப்பியும் உள்ள நகரம் என்று லிஸ்பனைத் தேடி வந்தவர்கள். அவர்களுடைய கணக்கு நமக்குப் பொருந்துமா? பொருந்தினாலும் அந்தக் கணக்கில் எழுதப்படாமல் விடப்பட்ட செலவுகள் எவை? இவற்றை உங்களோடு பேசவே இக்கட்டுரை.

என் மனைவியின் நாநா தோஹாவில் இருபத்து நான்கு வருடம் வேலை செய்தவர். ஊர் கல்முனைப் பக்கம். மகள்மார் இருவரையும் கரைசேர்த்துவிட்டார். 2025 ஜனவரியின் பிற்பாதியில் அவர் லிஸ்பனுக்கு வீடு பார்க்கப் புறப்பட்டபோது, "மச்சான், நீங்களும் வாங்க. வீட்டை நான் பார்க்கிறேன், பள்ளிவாசல் பக்கத்தை நீங்க விசாரிங்க" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். கொழும்பிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடாவில் மாறித்தான் போக வேண்டும். அப்படிப் போய் மூன்று வாரம் தங்கி, நடந்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நகரமும் நமது சொற்களும்

தேஜோ ஆறு கடலோடு சேரும் இடத்தில், மேடும் பள்ளமுமான குன்றுகளின் மேல் அமைந்த ஊர் லிஸ்பன். வெள்ளையும் கறுப்புமான சிறு கற்கள் பதித்த நடைபாதைகள். மழை பெய்தால் கால் வழுக்கும். செங்குத்தான தெருக்களில் மஞ்சள் நிற டிராம் வண்டிகள் முனகிக்கொண்டு ஏறுகின்றன. 1755 நவம்பர் 1ஆம் திகதி பெரும் நிலநடுக்கம் இந்நகரைத் தரைமட்டமாக்கியது. பிறகு திட்டமிட்டுக் கட்டப்பட்ட நேர்த்தெருக்கள் தாழ்நிலத்தில் இருக்கின்றன. அதற்கும் முந்திய பழைய ஒழுங்கைகள் அல்ஃபாமா, மொராரியா என்ற இரு பகுதிகளில் இன்றும் மிஞ்சியுள்ளன.

அரபு படித்தவர் இங்கு அந்நியராக உணர மாட்டார். அல்ஃபாமா என்பது வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் "அல்ஹம்மா" என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1147 வரை இந்நகரம் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அதன் பெயர் அன்று அல்உஷ்பூனா. போர்த்துக்கேய மொழியில் ஒலிவ எண்ணெய்க்கு "அஸெய்த்தே", சீனிக்கு "அசூக்கார்", தலையணைக்கு "அல்மொஃபாதா". எல்லாம் அரபுச் சொற்களே. "இன்ஷா அல்லாஹ்" என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் "ஒஷலா" என்கிறார்கள். அதன் வேரும் அரபுதான்.

அவர்களுடைய சொற்களோ நம் வீட்டுக்குள் இருக்கின்றன. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சாவி, சப்பாத்து, விறாந்தை, காலையில் நாம் வாங்கும் பாண் ஆகிய எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. வாடகை வீட்டுக்காரர் "ஷாவே" என்று சொல்லித் திறப்பை நீட்டியபோது மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

விசாவின் வாசல்

வேலை செய்யாமல், சொந்த வருமானத்தில் வாழ வருபவருக்குப் போர்த்துக்கல் தரும் விசாவை "டீ ஏழு" என்பார்கள். ஓய்வூதியம், வாடகை, பங்கு இலாபம் போன்று உழைப்பின்றி மாதந்தோறும் வரும் வருமானம் இருக்க வேண்டும். அதன் அளவு அந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம். 2025இல் அது 870 யூரோ. 2026இல் 920 ஆக உயர்ந்தது. மனைவிக்கு அதில் பாதியைக் கூட்ட வேண்டும். ஆக 2025 கணக்கில் கணவன் மனைவி இருவருக்கும் 1,305 யூரோ.

இந்தத் தொகையைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். "அரசாங்கமே 1,305 போதும் என்கிறதே" என்று நினைக்கிறார்கள். விசா கேட்பது வாசலுக்குள் நுழையும் தொகையை மட்டுமே. வீட்டுக்குள் வாழும் தொகை வேறு.

வீட்டின் வாசல்

நாங்கள் விசாரித்து எழுதிய மாதக் கணக்கு இது. ஆடம்பரம் இல்லாத, இருவர் மட்டுமுள்ள குடும்பத்துக்கானது.

நகருக்குள் ஓர் அறை கொண்ட சிறு வீட்டின் வாடகை ஏறத்தாழ 1,200 யூரோ. உணவு, ஹலால் இறைச்சி உட்பட 450. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம் 150. நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்த மாதப் பயணச் சீட்டு ஆளுக்கு 40 வீதம் 80. தனியார் மருத்துவக் காப்புறுதி இருவருக்கும் 150. உடுப்பு, மருந்து, அரச கட்டணங்கள், வருடத்துக்கு ஒரு முறை ஊர் வந்து போகும் விமானச் சீட்டுக்காக மாதந்தோறும் ஒதுக்கும் பணம் எல்லாம் சேர்த்து 270. கூட்டினால் 2,300 யூரோ. விசா கேட்ட தொகையின் ஒன்றே முக்கால் மடங்கு.

கடையில் நின்றபடி குடிக்கும் ஒரு சிறு கோப்பை கோப்பி ஒரு யூரோ அளவுதான். அங்கு போய் வந்தவர்கள் எல்லோரும் இந்தக் கோப்பியின் விலையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மனிதன் கோப்பிக் கோப்பைக்குள் குடியிருப்பதில்லை. செலவில் பாதிக்கு மேல் கூரைக்கே போகிறது.

அந்தக் கூரையும் குளிருக்கு உதவுவதில்லை. வெயில் நாடு என்று பெயர் எடுத்தாலும், ஜனவரி இரவில் வெளியே எட்டுப் பாகை, வீட்டுக்குள் கம்பளி இல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய கட்டடங்களில் வீட்டைச் சூடாக்கும் வசதி அரிது. வீட்டைப் போதிய சூட்டில் வைத்திருக்க வசதியில்லை என்று சொல்வோர் 2023இல் போர்த்துக்கலில் ஐந்தில் ஒருவர் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவரம். ஸுபஹு தொழுகைக்கு எழுந்து அந்தக் குளிர்ந்த தண்ணீரில் உளூச் செய்தபோது அந்த எண்ணிக்கையின் பொருள் எனக்கு விளங்கியது.

"வாடகை கொடுப்பதைவிட வாங்கிவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். மச்சானும் கேட்டார். நகரின் பழைய பகுதியில் நாற்பது சதுர மீட்டர் வீடுகளுக்கு இரண்டு இலட்சம் யூரோவுக்கு மேல் கேட்டார்கள். அவருடைய இருபத்து நான்கு வருடச் சேமிப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். நம்மூரில் ஒரு விறாந்தையும் அறையும் சேர்ந்த அளவுள்ள இடத்தில் ஓர் ஆயுளின் உழைப்பு முடிந்துவிடும்.

மேற்கின் கணக்கும் மார்க்கத்தின் கணக்கும்

சீக்கிரம் ஓய்வு பெறும் மேற்கத்தியரிடம் ஒரு சூத்திரம் உண்டு. வருடச் செலவைப் போல் இருபத்தைந்து மடங்கு சேர்த்துவிட்டால், வருடந்தோறும் நூற்றுக்கு நான்கு வீதம் எடுத்துச் செலவு செய்யலாம், முதல் தீராது என்பார்கள். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் செய்த ஆய்விலிருந்து பிறந்த வழி இது. அதன்படி மேலே சொன்ன 2,300 யூரோ வாழ்க்கைக்கு 6,90,000 யூரோ வேண்டும்.

ஒரு முஸ்லிம் இந்தச் சூத்திரத்தில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்த ஆய்வு பணத்தில் ஏறக்குறைய பாதியை வட்டி தரும் கடன் பத்திரங்களில் வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டது. வட்டியை நீக்கினால் சூத்திரத்தின் ஒரு கால் ஒடிந்துவிடுகிறது. இரண்டு, அதில் ஸகாத் இல்லை.

கணக்கைப் பாருங்கள். இரண்டு இலட்சம் யூரோவை ரொக்கமாக வைத்துக்கொண்டு மாதம் 2,300 செலவு செய்தால் வருடம் 27,600 போகும். மீதியில் இரண்டரை வீதம் ஸகாத். முதல் வருட முடிவில் அது மட்டும் 4,300 யூரோவைத் தாண்டும். விலைவாசி ஒரு சதமும் ஏறாது என்று வைத்துக்கொண்டாலும், ஏழாவது வருடம் முடிவதற்கு முன்பே கை காலியாகிவிடும். ஐம்பத்தொரு வயதில் ஓய்வுக்குப் போனவர் ஐம்பத்தெட்டில் பணமின்றி, பாஷை தெரியாத ஊரில், வேலை கேட்டு நிற்பார்.

ஸகாத் ஒரு சுமை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஸகாத் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. செல்வத்தை அசையாமல் குவித்து வைத்துத் தின்று தீர்ப்பவனுக்கு அது குறைந்துகொண்டே போகும். ஹலாலான தொழிலிலோ வாடகை தரும் கட்டடத்திலோ இட்டால், கட்டடத்தின் பெறுமதி மீது ஸகாத் இல்லை, சேர்ந்து வருடம் நிறையும் வாடகைப் பணத்தின் மீதே உண்டு. ஓய்வு பெறும் ஆளுக்குத் தேவை குவியல் அல்ல, ஊற்று. மச்சானுக்கு ஊரில் இரண்டு கடை வாடகை வருகிறது. ரூபாயில் நல்ல தொகைதான். யூரோவாக மாற்றினால் விசா கேட்கும் தொகையில் பாதியைக்கூட அது தொடவில்லை.

மாறும் சட்டங்கள்

இன்னொரு செலவு நிச்சயமின்மை. வெளிநாட்டிலிருந்து குடியேறுவோருக்கு 2009இல் போர்த்துக்கல் ஒரு வரிச் சலுகை தந்தது. வெளிநாட்டு ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் வரி இல்லை என்பது அதன் கவர்ச்சி. பின்லாந்தின் ஓய்வூதியக்காரர்கள் இரண்டு நாட்டிலும் வரி கட்டாமல் வாழ்ந்தனர். பொறுமையிழந்த பின்லாந்து வரி உடன்படிக்கையையே முறித்துக்கொண்டது. 2019இலிருந்து அது இல்லை. 2022இல் சுவீடனும் அவ்வாறே செய்தது. 2020இல் போர்த்துக்கல் புதிதாக வருவோரின் ஓய்வூதியத்துக்குப் பத்து வீத வரி விதித்தது. 2024இலிருந்து புதியவர்களுக்கு அந்தக் கதவே மூடப்பட்டது.

2012இல் தொடங்கிய "தங்க விசா"வும் அப்படித்தான். ஐந்து இலட்சம் யூரோவுக்கு வீடு வாங்குபவருக்கு வதிவிட உரிமை என்றார்கள். 2023 ஒக்டோபரில் வீடு வாங்கி விசா பெறும் வழியை அடைத்துவிட்டார்கள். அயலார் வீட்டு விருந்தை நம்பி நம் அடுப்பை இடித்துவிடக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரரின் செலவு

இதுவரை சொன்னது நம் பையிலிருந்து போகும் செலவு. இனிச் சொல்வது மற்றவர் பையிலிருந்து போவது. என் மனதைத் தொட்டது இதுதான்.

மொராரியாவில் ஒரு வீடு பார்க்கப் போனோம். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. புதிதாகச் சுண்ணாம்பு பூசி, தரைக்கு ஓடு பதித்து வைத்திருந்தார்கள். "வீடு வெறுமையாகத்தான் இருக்கிறது, நாளைக்கே வரலாம்" என்றார் தரகர். கீழே இறங்கும்போது முதலாம் மாடி வாசலில் ஒரு மூதாட்டி நின்றார். எங்களோடு வந்த பங்களாதேஷ் கடைக்காரச் சகோதரர் அவரை அறிந்தவர். அவர்தான் பேச்சை மொழிபெயர்த்தார். மேல் மாடியில் முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு தாயும் மகனும் வாடகைக்கு இருந்தார்களாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்ததாம். ஆற்றுக்கு அக்கரையில் தூரத்து ஊருக்குப் போய்விட்டார்களாம். "அவள் இருந்தபோது என் மருந்துச் சீட்டை அவள்தான் வாசித்துச் சொல்வாள்" என்றார் அந்த மூதாட்டி. எங்கள் மீது கோபம் எதையும் காட்டவில்லை. "நீங்கள் இங்கே வந்தால் போர்த்துக்கேய மொழி படிப்பீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. 2011இல் போர்த்துக்கல் கடனில் மூழ்கி, 78 பில்லியன் யூரோ உதவியை நிபந்தனைகளோடு பெற்றது. 2012இல் வாடகைச் சட்டம் தளர்த்தப்பட்டது. அதற்குமுன் பழைய ஒப்பந்தங்களின் வாடகை பல்லாண்டு காலம் ஏறாமல் கிடந்தது. வீட்டுச் சொந்தக்காரர்களுக்குத் திருத்தவும் பணமில்லாமல் கட்டடங்கள் இடிந்துகொண்டிருந்தன. ஆகவே அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் சட்டம் தளர்ந்த அதே காலத்தில் தங்க விசாவும் வரிச் சலுகையும் உல்லாசப் பயணிகளும் சேர்ந்து வந்தபோது, வெளியிலிருந்து வந்த பணத்தோடு உள்ளூர்ச் சம்பளம் போட்டியிட முடியவில்லை. பழைய பகுதிகளில் பயணிகளுக்கு வீடு விடும் புதிய அனுமதிகளை 2018இல் மாநகர சபை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. 1981இல் எட்டு இலட்சத்துக்கு மேல் இருந்த லிஸ்பன் மாநகரின் மக்கள் தொகை 2021இல் 5,45,796. இந்தக் குறைவு பல காரணங்களால் பல பத்தாண்டுகளாக நடந்து வந்ததுதான். என்றாலும் எஞ்சியவர்களின் பொறுமையும் தீர்ந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1ஆம் திகதி வாழ வீடு கேட்டு ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் 870 யூரோ, ஓர் அறை வீடு 1,200 யூரோ என்று முன்பு எழுதினேன். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமக்குக் கோப்பி தரும் பெண், தெரு கூட்டும் மனிதர், டிராம் ஓட்டுபவர் என்று அந்நகரை நகரமாக வைத்திருப்பவர்களில் பலர் அதில் ஓர் அறை எடுக்க முடியாது. அவர்களுடைய ஓய்வு வயது 2025இல் 66 வருடம் 7 மாதம். அதற்கு முன் போனால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஓய்வூதியத்தில் அரை வீதம் வெட்டு, அதன்மேல் இன்னும் ஒரு பெரிய வெட்டு. ஐம்பது வயதில் ஓய்வு பெற்ற அந்நியர் மேல் மாடியில் பகல் தூக்கம் போடுகிறார். கீழ் மாடியில் அறுபத்தாறு வயதுக்காரர் வேலைக்குப் புறப்படுகிறார்.

அண்டை வீட்டாரின் உரிமையை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்டை வீட்டார் எந்த மதத்தவர் என்ற நிபந்தனையும் அதில் இல்லை. அண்டை வீட்டாரின் உரிமை நாம் குடியேறிய பிறகு தொடங்குகிறதா, அல்லது நாம் வருவதற்காக வெளியேற்றப்பட்டவரையும் அது சேருமா? இது சிந்திக்க வேண்டிய கேள்வி.

நமக்கு இது வெறும் சிந்தனை அல்ல. மொராரியா என்ற பெயருக்கே "மூர்களின் குடியிருப்பு" என்றுதான் பொருள். 1147இல் நகரம் கைமாறிய பின் எஞ்சிய முஸ்லிம்கள் அங்கு ஒதுக்கப்பட்டனர். 1496இல் மன்னர் மனுவேல் வெளியிட்ட கட்டளை அவர்களையும் வெளியேற்றியது. 1626இல் போர்த்துக்கேயர் இலங்கையில் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் தந்து கிழக்குக் கரையில் குடியமர்த்தினான். மச்சானின் ஊர் இருப்பது அந்தக் கரையில்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட நம் சகோதரர்களைக் கேட்டால் ஒரு வீட்டுத் திறப்பின் பெறுமதியைச் சொல்வார்கள். ஆயுதத்தால் துரத்துவதும் வாடகையால் விலக்குவதும் ஒன்றல்ல. ஆனாலும் பழைய வீட்டை நினைத்து அழும் கண் ஒன்றுதான்.

பென்ஃபொர்மோஸோ தெரு

மொராரியாவின் அடிவாரத்தில் மார்த்திம் மொனிஸ் சதுக்கம். அதை ஒட்டிய பென்ஃபொர்மோஸோ தெருவில் பங்களாதேஷ், பாகிஸ்தான், இந்தியச் சகோதரர்களின் கடைகள் நிறைந்துள்ளன. ஹலால் இறைச்சி, கறித்தூள், பச்சை மிளகாய், தொழுமிடம் எல்லாம் அங்கு உண்டு. ஒரே அறையில் பலர் சேர்ந்து படுத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைத்து, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள்.

2024 டிசம்பர் 19ஆம் திகதி அத்தெருவில் பொலிஸார் ஒரு தேடுதல் நடத்தினர். பெரும்பாலும் தெற்காசியர்களான ஏராளமானோரைச் சுவரோடு சுவராகக் கைகளை உயர்த்தி நிற்க வைத்த படம் நாடெங்கும் பரவியது. நாங்கள் போவதற்குச் சில நாட்கள் முன், 2025 ஜனவரி 11ஆம் திகதி, அதைக் கண்டித்துப் பெரும் ஊர்வலம் நடந்தது. அதில் போர்த்துக்கேய மக்கள் திரளாக நடந்தார்கள் என்பதையும் நீதியாகச் சொல்ல வேண்டும்.

வாசகர்களே, ஒரே நகரத்துக்கு இரு வகையான அந்நியர் வருகிறார்கள். பணத்தோடு வந்து உழைக்காமல் இருப்பவருக்குச் சலுகை. பணமில்லாமல் வந்து உழைப்பவருக்குச் சுவர். விசாக் கடிதத்தில் நாம் முதலாம் வகையாக இருக்கலாம். தெருவில் நம் நிறத்தைப் பார்ப்பவர் எந்த வகையில் சேர்ப்பார் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

முதுமையின் செலவு

நகரின் பெரிய பள்ளிவாசல் ஸ்பெயின் சதுக்கத்துக்கு அருகில் உள்ளது. 1985இல் திறக்கப்பட்டது. அதை எழுப்பிய சமூகத்தில் மொசாம்பிக்கிலிருந்து வந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். 1974 ஏப்ரல் புரட்சிக்குப் பின், மொசாம்பிக் 1975இல் சுதந்திரம் பெற்ற காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் பலர். ஜும்ஆவுக்குப் போனோம். பல நாட்டு மக்களும் ஒரே ஸஃப்பில் நின்ற காட்சி மனதுக்கு இதமாக இருந்தது. லூமியார் மையவாடியில் முஸ்லிம்களுக்கென ஒரு பகுதி உண்டு என்றும் அறிந்துகொண்டோம். ஆகவே தீன் சார்ந்த அடிப்படை வசதிகள் அங்கு இல்லை என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஜூன் மாதத்தில் மஃரிப் இரவு ஒன்பது மணிக்கு மேல். இஷா முடித்து மலையேறி வீடு சேர நள்ளிரவு நெருங்கிவிடும். அறுபத்தைந்து வயதானபின் முழங்கால் அதற்கு ஒத்துழைக்குமா? 1979இல் தொடங்கிய அரச மருத்துவ சேவை வதிவிட உரிமை உள்ளவருக்கும் உண்டு. ஆனால் நாட்டில் குடும்ப வைத்தியர் கிடைக்காமல் காத்திருப்போர் பதினைந்து இலட்சம் அளவில். மாநகரில் வசிக்கும் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவசப் பயணச் சீட்டு 2022இல் வந்தது. ஐம்பதில் ஓய்வு பெற்றவர் பதினைந்து வருடம் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். முதியோருக்கான வசதிகள் வயதைப் பார்க்கின்றன, ஓய்வைப் பார்ப்பதில்லை.

இவற்றைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப்போக முடியாது. உம்மாவின் ஜனாஸாவுக்கு விமானம் மாறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருக்கும். மகள் அழுதால் தொலைபேசியின் கண்ணாடியைத்தான் தடவ வேண்டும். இருபத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்காகப் பிரிந்திருந்த மனிதர், ஓய்வு என்ற பெயரில் மீண்டும் ஒரு பிரிவை விலைக்கு வாங்குவதா?

போக நினைப்பவருக்கு

இதையெல்லாம் எழுதியதால், போவது கூடாது என்று நான் தீர்ப்புச் சொல்வதாக எண்ண வேண்டாம். அல்லாஹ்வின் பூமி விசாலமானது. சிலருக்குப் பிள்ளைகள் ஐரோப்பாவிலேயே இருக்கிறார்கள். சிலருக்கு அங்கு தொழில் இருக்கிறது. அவர்களுடைய நிலை வேறு. போக நினைப்பவர் சில காரியங்களைச் செய்தால் நல்லது.

விசா கேட்கும் தொகையை வாழ்க்கைச் செலவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை இரட்டிப்பாக்கி, அந்த வருமானம் வட்டியின்றி, ஸகாத் போக, வருடம் தவறாமல் வருமா என்று பாருங்கள். முதலில் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். கோடையில் பார்த்த வீட்டைக் கோடையிலேயே வாங்காதீர்கள். நகரின் நடுவிலேயே இருக்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். ஒதிவேலாஸிலும், ஆற்றின் அக்கரையில் அல்மாதா பக்கம் லரஞ்ஜெய்ரோவிலும் பள்ளிவாசல்கள் உண்டு, வாடகையும் சற்றுக் குறைவு. வீடு காட்டும் தரகரிடம் பரப்பளவைக் கேட்பதற்கு முன், "இங்கு முன்பு இருந்தவர் யார்? ஏன் போனார்?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். பதில் மனதை உறுத்தினால் வேறு வீடு பாருங்கள். வாங்கும் வீட்டைப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடாதீர்கள். அந்த மண்ணின் மொழியைப் படியுங்கள். கதிரையும் மேசையும் யன்னலும் ஏற்கனவே தெரிந்தவருக்கு அது அவ்வளவு கடினமல்ல. வேலையை விட்டாலும் உழைப்பை விடாதீர்கள். பென்ஃபொர்மோஸோ தெருவில் கடிதம் வாசித்துத் தரவும், கணக்கு எழுதித் தரவும், பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கவும் ஆள் தேவைப்படுகிறது. சம்பளத்துக்குத்தான் ஓய்வு உண்டு. ஒரு முஃமினின் பயன்பாட்டுக்கு மௌத்து வரை ஓய்வில்லை.

மச்சான் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு முற்பணம் கொடுக்கவில்லை. தோஹாவில் இன்னும் மூன்று வருடம் ஒப்பந்தம் புதுப்பித்திருக்கிறார். கல்முனையில் பழைய காணியில் நாலு கடை கட்டும் வேலையைத் தொடங்கியிருக்கிறார். "வாடகை வரட்டும், பிறகு பார்ப்போம்" என்கிறார். பிறகு அவர் லிஸ்பனுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் கடை வாடகைக்குக் கேட்டு வருபவர்களிடம் ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறாராம். ஒழுங்காக வாடகை தந்தால், கூடக் கேட்டு இன்னொருவர் வந்தார் என்பதற்காக யாரையும் எழுப்ப மாட்டேன் என்று.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பையும் ஓய்வையும் ஹலாலாக்கி வைப்பாயாக. எங்கள் நிம்மதி இன்னொருவரின் கண்ணீரில் கட்டப்படாமல் காப்பாயாக. ஆமீன்.